புச்சி எமெச்செட்டா: திரும்பத் திரும்ப என்கிட்ட கேட்ட கேள்விகள்

நாங்க ஒரு பன்னண்டு பேர் மாசம் ஒரு புக்னு படிச்சுப் பேசுவோம். அதுல நான் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவல எடுத்துட்டுப் போனதுல இருந்து இந்த நைஜீரிய எழுத்தாளரப் பத்தி யாராவது ஒருத்தர் ஏதாவது கேட்டுட்டே இருக்காங்க, பாதி கேள்வி ஏற்கனவே வேற ஒருத்தர் கேட்டதாத்தான் இருக்கும். அதான் எல்லாத்தையும் கேட்டவங்க வார்த்தையிலயே இங்க போட்டுட்டேன்.

யாருங்க இவங்க? நான் பேரே கேள்விப்பட்டதில்ல

நைஜீரியாவுல பொறந்து லண்டன்ல வாழ்ந்த நாவலாசிரியர். 1944 ஜூலை 21 லாகோஸ்ல பொறந்தாங்க, 2017 ஜனவரி 25 லண்டன்ல இறந்தாங்க, அப்ப 72 வயசு. அப்பாவுக்கு ரயில்வேல வேல. அப்பா அம்மா ரெண்டு பேருமே இக்போ இனம், சொந்த ஊர் நைஜர் நதிக்கு மேற்கால அசாபா பக்கத்துல இருக்கற இபூசா.

20 புக்குக்கு மேல எழுதியிருக்காங்க. நாவல், சிறுவர் புக், டிவி நாடகம், சுயசரிதைனு எல்லாம் இருக்கு. ஆப்பிரிக்க இலக்கியம்னா நாம சினுவா அச்செபேயோட நிறுத்திக்கறோம், அவரு கதைகள்ல ஆம்பளைங்க மன்றத்துல உக்காந்து பேசிட்டு இருக்கறப்ப சமையக்கட்டுல என்ன நடந்துச்சுனு தெரியணும்னா இவங்கள படிச்சே ஆகணும். இது என் கருத்து, ஆனா ரொம்ப உறுதியான கருத்து.

புச்சியா பூச்சியா? நிஜப் பேரா புனைபேரா?

புச்சி, குறில்தான். முழுப் பேரு ஃப்ளோரன்ஸ் ஒன்யெபுச்சி எமெச்செட்டா. ஒன்யெபுச்சிங்கறத சுருக்குனா புச்சி. இக்போல 'சி'னா ஒவ்வொரு மனுசனுக்கும் கூடவே பொறக்கற தனி தெய்வம், நாம தலையெழுத்துனு சொல்றோம்ல, அதுக்கு ஒரு சாமி ரூபம் குடுத்தா எப்படி இருக்குமோ அப்படி. 'கடவுள் யார்?'ங்கற கேள்விதான் அந்தப் பேரு. இந்த 'சி' விஷயத்த ஞாபகம் வெச்சுக்கங்க, கீழ 'ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' கேள்வில திரும்ப வரும்.

ஸ்கூலுக்கே போக விடலயாமே, அப்புறம் எப்படி படிச்சாங்க?

வீட்டுல தம்பிய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு இவங்கள வீட்டுலயே வெச்சிருந்தாங்க, பொண்ணு படிச்சு என்ன ஆகப் போகுதுங்கற அதே பழைய கணக்குதான். அடம் பிடிச்சுத்தான் போனாங்க. 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவல்ல ஆடாங்கற எட்டு வயசுப் பொண்ணா தன்னயே எழுதியிருக்காங்க. ஆடா ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாம ஒரு சிலேட்ட எடுத்துட்டு பக்கத்து வீட்டு வாத்தியார் வகுப்புல போய் நின்னுடுது, ஊரெல்லாம் தேடுறாங்க, கடைசில பிள்ளைய சரியா பாத்துக்கலனு போலீஸ் ஸ்டேஷன்ல அம்மாவுக்குத் தண்டனை குடுக்கறாங்க. என்ன தண்டனை தெரியுமா, ஒரு பெரிய கிண்ணம் நிறைய காரி, அதாவது மரவள்ளி மாவத் தண்ணில கரைச்சது, அவ்வளவையும் குடிக்கணும். அந்தம்மா முடியாம முழிபிதுங்க குடிக்கறத அந்தப் பிள்ள நின்னு பாக்குது. எனக்கு அந்தப் பக்கத்த தாண்டிப் போகவே முடியல.

அப்பா சின்ன வயசுலயே இறந்துடறார், புச்சிக்கு அப்ப 9 வயசு இருக்கும். அப்புறம் சொந்தக்காரங்க வீட்டு வாசம். மேல படிக்கற ஸ்கூலுக்கு நுழைவுப் பரீட்சை எழுதணும், ஃபீஸ் கட்டக் காசு இல்ல. நாவல்ல ஆடா கறி வாங்கக் குடுத்த 2 ஷில்லிங்க பதுக்கி வெச்சுட்டு தொலைஞ்சு போச்சுனு பொய் சொல்லுது. அதுக்கு விழற சவுக்கடி நூத்துக்கு மேல, எண்ணிட்டே அடிக்கறான் அந்தச் சொந்தக்காரன். பரீட்சை எழுதுது, ஸ்காலர்ஷிப் கிடைக்குது. நிஜ வாழ்க்கையில அந்த ஸ்கூல் லாகோஸ் மெதடிஸ்ட் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. இவங்க கதைகள்ல எப்பவுமே காசுக்கு கணக்கு இருக்கும் பாருங்க, "கொஞ்சம் பணம்"னு எங்கயும் போக மாட்டாங்க, 2 ஷில்லிங்னா 2 ஷில்லிங்.

எதுக்கு லண்டன் போனாங்க? படிக்கவா வேலைக்கா?

புருஷனுக்காகத்தான். 11 வயசுலயே சில்வெஸ்டர் ஒன்வோர்டிங்கறவருக்கு நிச்சயம் பண்ணியாச்சு, 16 வயசுல 1960ல கல்யாணம், அதே வருசந்தான் நைஜீரியாவுக்கும் சுதந்திரம் வந்துச்சு. அவரு படிக்கறதுக்குனு முன்னாடியே லண்டன் போயிட்டார், 1962ல இவங்க ரெண்டு கைக்குழந்தைய தூக்கிட்டு பின்னாடி போனாங்க. ஆனா 'புருஷனுக்காக'னு மட்டும் சொன்னா அது பாதி உண்மதான், சின்ன வயசுல இருந்தே லண்டன்ங்கற வார்த்தைய வீட்டுல சொர்க்கம் மாதிரி சொல்லிக் கேட்டு வளந்தவங்க, அங்க போகணுங்கறது சொந்தக் கனவும்கூட. அங்க போறதுக்கு முன்னாடி லாகோஸ்ல அமெரிக்க தூதரகத்துல வேல பாத்து நல்ல சம்பளமும் வாங்கிட்டு இருந்தாங்க, அதாவது ஊர்ல இவங்க பெரிய எடம், கப்பல்ல இறங்கினதும் ஒண்ணுமில்லாத எடம்.

லண்டன்ல அப்படி என்ன பிரச்சனை, நல்லாத்தான இருந்திருக்கணும்?

வாடகைக்கு வீடு கிடைக்காது. 60கள்ல லண்டன்ல "கறுப்பர்களுக்கு இல்லை"னு போர்டே எழுதி வெப்பாங்க, அது சட்டப்படி தப்பும் இல்ல அப்ப. வீடு குடுக்கறதுல நெறம் பாக்கக் கூடாதுனு அங்க சட்டம் வந்ததே 1968லதான். நாவல்ல ஒரு சீன் வருது. ஆடா தெருமுனை போன் பூத்ல இருந்து வீட்டுக்காரம்மாவுக்கு போன் பண்றப்ப, ஆப்பிரிக்கக் குரல்னு தெரியக் கூடாதுனு மூக்க ரெண்டு விரலால அழுத்திப் பிடிச்சுட்டுப் பேசுவா. அந்தம்மாவும் ரூம் இருக்கு வாங்கனு சந்தோசமா சொல்லும். இருட்டுல போய் கதவத் தட்டுவாங்க, வெளிச்சத்துல மூஞ்சியப் பாத்ததும் அந்தம்மாவுக்குப் பேச்சே வராது, ரூம் இப்பத்தான் போயிடுச்சுனு சொல்லிடும். அந்த மூக்கப் பிடிச்சுட்டுப் பேசற ஒரு வரிக்கு இனவெறி பத்தின பத்து கட்டுரை ஈடாகாது.

அப்புறம் பிள்ளைங்கள பாத்துக்க ஆளில்ல. அப்ப லண்டன்ல படிக்க வந்த நிறைய மேற்கு ஆப்பிரிக்க தம்பதிங்க பிள்ளைங்கள வெள்ளக்கார வளர்ப்பு வீடுகள்ல காசு குடுத்து விட்டுடுவாங்க, அதுதான் வழக்கம், ஆடா மாட்டேன்னுடறா. பகல்ல மட்டும் பாத்துக்கறதுக்கு ஒரு பொம்பள கிட்ட விடுறாங்க, அங்க குப்பத்தொட்டிகிட்ட விளையாண்ட பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடறாங்க. இதுக்கு நடுவுல வேலைக்கும் போறா. நிஜத்துல எமெச்செட்டா 1965ல இருந்து 69 வரைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்துல நூலக வேல பாத்தாங்க.

புருஷன் நாவல எரிச்சது நிஜமாவே நடந்ததா, இல்ல கதைக்காக எழுதுனதா?

நிஜமா நடந்தது. அவங்களே பேட்டிகள்லயும் சுயசரிதையிலயும் சொல்லியிருக்காங்க. நாவல்ல எப்படி வருதுனா, ஆடா ஸ்கூல் நோட்டுப் புக்ல ராப்பகலா எழுதி முடிக்கறா. கூட நூலகத்துல வேல பாக்கற பில்ங்கற கனடாக்காரர் படிச்சுட்டு இது உன் மூளை பெத்த பிள்ளைனு சொல்றார், அந்த வார்த்தைய அவ பொத்திப் பொத்தி வெச்சுக்கறா. புருஷன் படிக்கவே மாட்டேங்கறான். ஒரு சனிக்கிழம கடைக்குப் போயிட்டுத் திரும்பி வரப்ப காயிதம் கருகற வாசன வருது. உள்ள அவன் அடுப்புல தாள் தாளா போட்டு எரிச்சுட்டு நிக்கறான்.

நிஜத்துல எமெச்செட்டா 1966ல புருஷன் சில்வெஸ்டர விட்டு வெளிய வந்தாங்க. 22 வயசு, கையில நாலு பிள்ள, வயித்துல ஒண்ணு. எரிஞ்ச அந்த நாவல் பேரு 'தி ப்ரைட் ப்ரைஸ்'. அத திரும்ப முதல்ல இருந்து எழுதி 1976ல வெளியிட்டாங்க.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. எரிஞ்சு போன பிரதில காதலிச்ச ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிப் போய் பெத்தவங்களோட ராசியாகி சந்தோசமா வாழறாங்க. திரும்ப எழுதுனப்ப அந்தப் பொண்ணு பிரசவத்துல செத்துப் போகுது. இத நான் சுயசரிதையில படிச்சப்ப புக்க மூடி வெச்சுட்டேன். ஒரே கதை, நடுவுல பத்து வருச வாழ்க்கை, முடிவு மட்டும் மாறிப் போச்சு.

அஞ்சு பிள்ளைய தனியா வெச்சுட்டு எப்பதாங்க எழுதுனாங்க?

விடியக்காலையில, பிள்ளைங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி. அதோட நிக்கல, சாயங்கால வேளையில படிச்சு லண்டன் பல்கலைக்கழகத்துல சமூகவியல் பட்டம் வாங்குனாங்க, பகல்ல வேல. முதல்ல இளைஞர்களுக்கான சமூகப் பணி, பின்னாடி கேம்டன் பகுதியில 1976ல இருந்து 78 வரைக்கும் சமூக சேவைப் பணியாளர்.

எழுத்துக்குள்ள நுழைஞ்சதும் சும்மா கிடைக்கல. அரசாங்க உதவிப் பணத்துல கவுன்சில் குடியிருப்புல, அதாவது நகராட்சி வாடகைக்கு விடற வீட்டுல இருந்தப்ப பாத்தத சின்னச் சின்னதா எழுதி 'நியூ ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு தபால்ல போட்டுட்டே இருந்தாங்க. அது அங்க தொடரா வந்து, 1972ல 'இன் தி டிச்'னு முதல் புக்கா ஆச்சு. 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' புக்க அஞ்சு பிள்ளைங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்காங்க, நீங்க போட்ட அந்த இனிமையான பின்னணிச் சத்தம் இல்லாட்டி இத எழுதியிருக்க மாட்டேங்கற மாதிரி. எழுதறதுக்கு அமைதி வேணும், தனி ரூம் வேணும்னு சொல்றவங்ககிட்ட நான் இந்த சமர்ப்பணத்த காட்டுவேன்.

சரி, எந்த புக்ல ஆரம்பிக்கறது?

'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்', 1974. அப்புறம் 'இன் தி டிச்'. வெளிவந்த வரிசையில 'இன் தி டிச்' தான் முதல்ல, ஆனா கதை வரிசையில அது ரெண்டாவது, ரெண்டுலயும் ஆடாதான் நாயகி. ரெண்டையும் சேத்து 1983ல 'ஆடாஸ் ஸ்டோரி'னு ஒரே புக்காவும் போட்டாங்க.

'இன் தி டிச்' சின்ன புக், அத யாரும் கண்டுக்கறதில்லங்கறது எனக்கு வருத்தம். புஸ்ஸி கேட் மேன்ஷன்ஸ்னு ஒரு இடிஞ்ச குடியிருப்பு, அதுல புருஷன் இல்லாத, வேலையில்லாத பொம்பளைங்க, பெரும்பாலும் வெள்ளக்காரப் பொம்பளைங்க. ஒருத்தி வீட்டு அடுப்புக்கு கரியில்லன்னா இன்னொருத்தி தருவா, ஆபீஸ்ல போய் உதவிப் பணம் கேக்கறப்ப எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுப்பா. நெறத்தால ஒதுக்குன அதே ஊர்ல, ஏழைப் பொம்பளைங்க நெறம் பாக்காம ஒண்ணா நிக்கறத அவ்வளவு பாசத்தோட எழுதியிருக்காங்க. அதே சமயம் உதவித்தொகைலயே வாழப் பழகிட்டா அந்தக் குழிய விட்டு வெளிய வரவே மனசு வராதுங்கறதயும் மறைக்கல.

மூணாவதா 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்'. அத முதல்ல எடுக்காதீங்க, பெரிய புக், கனமான புக், ஆளு பழகுன அப்புறம் படிச்சா நல்லாருக்கும்.

ப்ரைட் ப்ரைஸ்னா நம்ம வரதட்சணைதான?

இல்ல, நேர் எதிர். பொண்ணு வீட்டுக்கு மாப்பிள வீடு குடுக்கறது, நம்ம பழைய வார்த்தையில சொன்னா பரிசம். கேக்க நல்லாத்தான இருக்குனு தோணும், எங்க குழுவுலயே ரெண்டு பேர் சொன்னாங்க. ஆனா பரிசம் வருதுன்னா பொண்ணு ஒரு சொத்துனு ஆயிடுது. அந்த நாவல் நாயகி பேரு அக்கு-ன்னா, அதுக்கு அர்த்தமே 'அப்பாவோட செல்வம்'. அப்பா செத்ததும் அந்தச் செல்வம் பெரியப்பா கைக்குப் போகுது, பெரியப்பா அவள ஸ்கூல்ல தொடர்ந்து படிக்க வெக்கறதே படிச்ச பொண்ணுக்கு பரிசம் கூட வரும்னுதான்.

அவ காதலிக்கற சிக்கே அடிமை வம்சத்துல வந்தவன், வாத்தியார், வசதியானவன், இருந்தாலும் ஊர் ஏத்துக்காது. ரெண்டு பேரும் ஓடிப் போறாங்க. பரிசம் குடுக்காத பொண்ணு முதல் பிரசவத்துலயே செத்துடுவாங்கறது அந்த ஊர் நம்பிக்கை. சிக்கே வீட்டுல பணத்தோட காத்துட்டு இருக்காங்க, பெரியப்பா வாங்க மாட்டேங்கறார். அப்புறம் நடக்கறத மேல எரிச்ச கதை சொன்ன எடத்துலயே சொல்லிட்டேன். இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, செத்தது சாபத்தாலயா இல்ல சாப்பாடு சரியில்லாத சின்ன உடம்பு பிரசவம் தாங்காததாலயானு அவங்க அடிச்சு சொல்லல. ஊர் என்ன சொல்லுங்கறத மட்டும் சொல்லிட்டுப் போயிடறாங்க.

அவங்க அம்மாவ நிஜமாவே வித்தாங்களாமே? இருபதாம் நூற்றாண்டுலயா?

ஆமா. அம்மாவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப கூடப்பொறந்த அண்ணனே வித்துட்டார். அந்த வாழ்க்கையத்தான் 1977ல 'தி ஸ்லேவ் கேர்ள்'னு எழுதுனாங்க. 1918 விஷக்காய்ச்சல்ல ஊரே சாகுது, ஓஜெபெட்டாங்கற ஏழு வயசுப் பொண்ணுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிடறாங்க. அண்ணன் ஒகோலிக்கு, பசங்க பெரிய ஆளாயிட்டதக் கொண்டாடற ஆட்டத்துக்கு அலங்காரம் வாங்கப் பணம் வேணும். தங்கச்சிய கூட்டிட்டுப் போய் ஒனிட்ஷா சந்தையில துணி யாவாரம் பண்ற தூரத்து சொந்தக்காரம்மாகிட்ட 8 பவுண்டுக்கு (பிரிட்டிஷ் பணம்) வித்துடறான்.

அந்தப் பொண்ணு உடம்புல சின்ன வயசுல இருந்தே மணியும் சோழியும் கட்டியிருப்பாங்க, அதுக்கு முன்னாடி பொறந்த பொண்ணுங்க தங்காததால இவளாவது தங்கட்டும்னு அப்பா தேடி வாங்கிட்டு வந்து கட்டுனது. நடந்தா கிலுகிலுனு சத்தம் வரும். வாங்குன வீட்டுல முதல் வேலையா அத வெட்டி எடுத்துடறாங்க. அதுக்கப்புறம் அவ நடந்தா சத்தமே வராது.

முடிவு இன்னும் மோசம், ஏன்னா வெளிய பாத்தா நல்ல முடிவு. பெரியவளாகி ஊருக்கு வந்து, பிடிச்சவனக் கல்யாணம் பண்ணி, பல வருசம் கழிச்சு புருஷன் அந்த 8 பவுண்ட எஜமானி மகன்கிட்ட திருப்பிக் குடுத்து அவள மீட்கறான். அவளும் நன்றியோட நிக்கறா. இவ எஜமானனத்தான் மாத்திக்கறாங்கற அர்த்தத்துல ஒரு வரி எழுதி புக்க முடிச்சுடறாங்க எமெச்செட்டா. இந்த நாவலுக்குத்தான் 1978ல ஜாக் கேம்பெல் விருது கிடைச்சுது.

'ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்'னு தலைப்பு வெச்சுட்டு கதை பூரா அழுகையா இருக்கே?

தலைப்புக்கு ஒரு வரலாறு இருக்கு. இவங்களுக்கு முன்னாடி எழுதுன இன்னொரு இக்போ பெண் எழுத்தாளர் ஃப்ளோரா ந்வாபா, அவங்க நாவல் 'எஃபுரு' 1966ல வந்துச்சு. அந்த நாவலோட கடைசி வரிகள்ல, தாய்மையோட சந்தோசத்தயே அனுபவிக்காத ஒரு நதி தெய்வத்த பொம்பளைங்க ஏன் கும்புடறாங்கனு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விய அப்படியே கையில எடுத்து, சரி அந்த சந்தோசத்த முழுசா அனுபவிச்ச ஒருத்தி கதைய சொல்றேன் வாங்கனு 1979ல எழுதுனதுதான் இது.

நாயகி பேரு 'ன்னு ஈகோ' (Nnu Ego), 'இருபது பை சோழி'னு அர்த்தம், அவ்வளவு விலைமதிப்பில்லாத பொண்ணு. திரும்பவும் விலைதான் பாருங்க. மொதப் பிள்ள செத்ததும் லாகோஸ் கார்ட்டர் பாலத்துல இருந்து குதிக்கப் போறா, அதுலதான் நாவலே ஆரம்பிக்குது. அப்புறம் பிள்ள மேல பிள்ளையா பெத்து, விறகு வித்து, சிகரெட் வித்து ஆளாக்கறா. ஒரு மகன் அமெரிக்காவுல, இன்னொருத்தன் கனடாவுல. வயசான காலத்துல ஊர்ல "எம்பையன் எமெலிக்காவுல இருக்கான்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே திரியறா, கனடாங்கற பேரு அவ வாயிலயே நுழையல. ஒரு ராத்திரி ரோட்டோரம் படுத்து, வீடு வந்து சேந்துட்டதா நெனச்சுட்டு, யாருமில்லாம செத்துப் போறா.

பிள்ளைங்க வந்து ஊரே மெச்சற மாதிரி பெருசா சாவு எடுக்கறாங்க, கோயில் கட்டறாங்க. பிள்ள வரம் கேட்டு வர்ற பொம்பளைங்களுக்கு அவ பதிலே சொல்றதில்ல. ரெண்டாவது கேள்வில சொன்ன 'சி' ஞாபகம் இருக்குல்ல, ன்னு ஈகோவோட 'சி' யாருன்னா, முந்தின தலைமுறையில எஜமானி செத்தப்ப கூட உயிரோட புதைக்க இழுத்துட்டுப் போய் கொன்ன ஒரு அடிமைப் பொண்ணு. ஒருத்திக்கு செஞ்ச பாவம் இன்னொருத்தியோட தலையெழுத்தா திரும்பி வருது.

இவ்வளவு எழுதிட்டு தான் பெமினிஸ்ட் இல்லனு சொன்னாங்களாமே, அது என்ன?

முழுசா இல்லனு சொல்லல. இங்கிலீஷ்ல பெரிய 'F' போட்டு எழுதற பெமினிஸ்ட் இல்ல, சின்ன 'f' போட்டு எழுதற ஆப்பிரிக்க பெமினிஸ்ட்னு சொன்னாங்க. 1986ல ஸ்டாக்ஹோம்ல நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டுல அவங்க பேசுனதோட தலைப்பே அதுதான். நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும், மேற்கத்திய பெண்ணியம் ஆப்பிரிக்கப் பொம்பளைங்களுக்கும் சேத்து தானே பேசிடறது அவங்களுக்குப் பிடிக்கல. குடும்பம், பிள்ளைங்க, கூட்டா பிள்ள வளக்கறது இதெல்லாம் அவங்க விட்டுக் குடுக்கத் தயாரா இல்ல, ஆனா பொண்ணுக்குப் படிப்பு வேணுங்கறதுல ஒரு இஞ்ச் கூட இறங்கல. லேபிள் பத்தி இதுக்கு மேல பேச எனக்கு ஆர்வமில்ல, புக்க படிங்க.

ஆப்பிரிக்க ஆம்பளைங்கள கெட்டவங்களா காட்டி வெள்ளக்காரங்ககிட்ட பேரு வாங்கிட்டாங்கனு ஒருத்தர் சொன்னார், உண்மையா?

இந்தக் குற்றச்சாட்டு அவங்க உயிரோட இருந்தப்பவே நைஜீரியாவுல இருந்து வந்துட்டேதான் இருந்துச்சு. நேர்மையா சொன்னா 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்'ல வர்ற புருஷன் ஃபிரான்சிஸுக்கு நல்ல பக்கம்னு அதிகம் இல்ல, அத நான் மறுக்கல. ஆனா 'ஜாய்ஸ்'ல வர்ற ன்னு ஈகோவோட புருஷன் ந்னைஃபேயப் பாருங்க. லாகோஸ்ல வெள்ளக்காரக் குடும்பத்துக்கு துணி துவைக்கறவன், துரைசானியோட உள்ளாடை வரைக்கும். பொண்டாட்டியே அவன ஆம்பளையானு கேக்கறா. அவன கட்டாயமா ராணுவத்துக்குத் தூக்கிட்டுப் போயிடறாங்க, கடைசில ஜெயிலுக்குப் போறான். காலனி ஆட்சி ஒரு ஆம்பளைய எப்படி நசுக்குது, அவன் அந்த நசுங்கல வீட்டுல யார் மேல இறக்கறாங்கறத இவ்வளவு இரக்கத்தோட எழுதுனவங்கள ஆம்பளைங்கள வெறுக்கறவங்கனு சொல்றது படிக்காம சொல்ற பேச்சு.

வெள்ளக்காரங்கள குளிர வெச்சாங்களாங்கறதுக்கு மூக்கப் பிடிச்சுட்டு போன் பேசுன சீனே பதில். அவங்கள வளத்துவிட்ட பதிப்பாளரும் கானாவுல பொறந்த மார்கரெட் பஸ்பி, பிரிட்டன்ல பதிப்பாளரான முதல் கறுப்பினப் பெண். ரெண்டு கறுப்பினப் பொம்பளைங்க 70கள்ல லண்டன்ல உக்காந்து சேந்து செஞ்ச வேல அது.

அம்பது வருசம் லண்டன்ல இருந்தவங்கள நைஜீரிய எழுத்தாளர்னு எப்படி சொல்றது?

ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாடுது. 1983ல 'கிராண்டா' பத்திரிகை போட்ட சிறந்த இளம் பிரிட்டிஷ் நாவலாசிரியர்கள் பட்டியல்ல சல்மான் ருஷ்டி, கசுவோ இஷிகுரோ கூட இவங்க பேரும் இருந்துச்சு. 2005ல பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. பட்டமும் குடுத்துச்சு. இந்தப் பக்கம் 1980-81ல நைஜீரியா காலபார் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியரா போனாங்க, அந்த கேம்பஸ்ல பாத்ததுதான் 'டபுள் யோக்' நாவல்.

அவங்க மனசு எங்க இருந்துச்சுனு எனக்குப் புரிஞ்சது 'டெஸ்டினேஷன் பயாஃப்ரா'வோட சமர்ப்பணத்துல. இக்போ மக்கள் நைஜீரியாவுல இருந்து பிரிஞ்சு பயாஃப்ரானு தனி நாடு அறிவிச்சு, 1967ல இருந்து 70 வரைக்கும் உள்நாட்டுப் போர் நடந்தப்ப அவங்க லண்டன்லதான் இருந்தாங்க. ஊர்ல சொந்தக்காரங்க செத்தாங்க, அதுல 8 வயசுக் குழந்த ஒண்ணு பட்டினியால செத்துச்சு, அந்தக் குழந்தைக்கும் புச்சி எமெச்செட்டானுதான் பேரு. அந்தப் பேர புக்கோட முதல் பக்கத்துல எழுதியிருக்காங்க.

பின்னாடி எழுதுன 'கெஹிண்டே'ல லண்டன்ல பேங்க் வேல பாக்கற ஒருத்தி புருஷன் பேச்சக் கேட்டு நைஜீரியா திரும்பிப் போறா, அங்க அவன் இன்னொருத்திய கட்டியிருக்கான். லண்டனுக்கே திரும்பி வந்துடறா, வந்து இதுதான் என் வீடுங்கறா. 1974ல எழுதுன ஆடாவால அத சொல்லியிருக்க முடியாது.

தாய்மொழில ஏன் எழுதல?

இக்போ பேசுவாங்க, லாகோஸ்ல வளந்ததால யொருபாவும் தெரியும், ஆனா ஸ்கூல் படிப்பு இங்கிலீஷ், பிழைப்பு லண்டன். எழுத்து இங்கிலீஷா இருந்தாலும் கத சொல்ற முறைய இபூசாவுல நிலா வெளிச்சத்துல அப்பாவோட அக்கா சொன்ன கதைகள்ல இருந்து எடுத்துக்கிட்டதா சொல்லியிருக்காங்க. பிள்ளைங்க அவங்கள கூப்பிடறது 'பெரிய அம்மா'னு. நம்ம கணக்குல அவங்க அத்தை, இருந்தாலும் அந்தப் பேரப் படிச்சப்ப எனக்கு எங்கயோ கேட்ட குரல் மாதிரி இருந்துச்சு.

கடைசிக் காலம் எப்படி இருந்துச்சு? புக்ஸ் இப்ப கிடைக்குதா?

வட லண்டன்ல கிரவுச் எண்ட்ல எழுதியே ஒரு வீடு வாங்குனாங்க, சுயசரிதை 'ஹெட் அபவ் வாட்டர்' அந்த வீட்டோடதான் முடியுது. 2010ல பக்கவாதம் வந்துச்சு, அதுக்கப்புறம் எழுத முடியல. மகன் ஒமெனலா பிரஸ்னு ஒரு பதிப்பகம் ஆரம்பிச்சு பழைய புக்ஸ திரும்பக் கொண்டு வந்தார், 2021ல 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' பெங்குயின் மாடர்ன் கிளாசிக்ஸ்ல வந்துச்சு, அது ஆன்லைன்ல சுலபமா கிடைக்கும்.

படிச்சா மனசு ரொம்ப பாரமாயிடுமோனு பயமா இருக்கு. ஒரே ஒரு சீன் சொல்லுங்க, படிக்கலாமா வேணாமானு முடிவு பண்ணிக்கறேன்

'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' கடைசி ரெண்டு பக்கம் சொல்றேன். கோர்ட்ல ஃபிரான்சிஸ் நிக்கறான். எங்களுக்குக் கல்யாணமே ஆகலங்கறான், கல்யாணப் பத்திரம், பாஸ்போர்ட், பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் முன்னாடியே எரிச்சுட்டான். பிள்ளைங்கள தத்துக் குடுத்துடலாம்ங்கறான். அதக் கேட்டதும் அவன் மேல கடைசியா ஒட்டிட்டு இருந்த ஏதோ ஒண்ணும் ஆடாகிட்ட அறுந்து போகுது. பிள்ளைங்க என்னோடது, அது போதும், நான் உயிரோட இருக்கற வரைக்கும் அதுங்கள கைவிட மாட்டேன்னு நீதிபதிகிட்ட சொல்லிட்டு வெளிய வந்து லண்டன் தெருவுல எங்க போறோம்னு தெரியாம நடக்கறா.

அப்ப யாரோ "ஆடா"னு கூப்பிடறாங்க. அந்தப் பேர ஒரு இக்போக்காரன் எப்படி சொல்லணுமோ அப்படியே சொல்ற குரல். லாகோஸ்ல சின்ன வயசுல கூடப் படிச்ச பையன். இவ கல்யாண மோதிரம் அவன் கண்ணுல படுது, ஃபிரான்சிஸத்தான் கட்டியிருக்கானு அவனுக்குத் தெரியும். அவ இன்னும் புருஷனோடதான் இருக்கானு நெனச்சுட்டு, கேம்டன் டவுன்ல இருந்து வீட்டுக்குப் போற டாக்சிக்கு அவனே காசு குடுத்து ஏத்தி விடறான்.